கொம்பன் சுறா ஆட்கொல்லியா? பொருட்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் கடல்வாழ் உயிரினக் கூடாரம் அமைக்கும் பொருட்காட்சி அமைப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆடித் திருவிழாவையொட்டிச் சேலத்திலும், கோடை விடுமுறையில் ஏற்காட்டிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் நீங்கள் நடத்தும் பொருட்காட்சிகளில், ராட்சத ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் அடுத்தபடியாகக் கூட்டம் சேரும் இடம் கடல் உலகக் கூடாரந்தான் என்பது உங்களுக்கே தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே நான்கைந்து மணி நேரம் பேருந்தில் போக வேண்டிய ஊர் நம்முடையது. ஆகவே இங்குள்ள பல குழந்தைகள் கடல் உயிர்களைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொள்வது உங்கள் கூடாரத்தில்தான். அந்தக் கூடாரத்தின் வாசலில் நிற்கும் சுத்தித்தலைச் சுறா (கொம்பன் சுறா) பொம்மையைப் பற்றியும், அதன் கீழே எழுதி வைத்திருக்கும் வாசகத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். "மனிதனைக் கண்டால் விடாத கடல் கொலைகாரன்" என்கிறது அந்தப் பலகை. அது உண்மைக்கு மாறானது. அடுத்த பருவத்துக்குள் அதை மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எந்த ஒரு நிறுவனத்தையும் குறிவைத்து நான் இதை எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்த பொம்மையும் ஒரே மாதிரியான பலகையும் ஊர் ஊராகச் சுற்றி வருகின்றன. யாரிடம் தொடங்கியது என்று தேடிப் பயனில்லை. பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்று, ஏற்காட்டில் குடியிருப்பவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்தப் பொம்மை. ஃபைபரில் செய்து சாம்பல் நிறம் பூசியிருக்கும் அது, தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் போனால்தான் கோளாறு தெரியும். சுத்தியல் போன்ற தலையின் முன்விளிம்பிலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வாயைப் பிளந்து வைத்து, உள்ளே இரண்டு வரிசை ரம்பப் பற்களை நட்டு, ஈறுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, உதட்டோரத்தில் அதே பெயிண்டைக் கொஞ்சம் வழியவும் விட்டிருக்கிறார்கள். உயிருள்ள சுறாவுக்கு அந்த இடத்தில் வாயே கிடையாது. அதன் வாய் தலைக்கு அடிப்புறத்தில், சற்றே பின்தள்ளி, பிறை வடிவில் இருக்கும். உடம்பின் நீளத்தோடு பார்த்தால் சிறிய வாய் என்றே சொல்ல வேண்டும். பொம்மைக்குக் கண்களைத் தலையின் மேற்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவை அந்தச் சுத்தியலின் இரு முனைகளில் இருக்கின்றன, அந்த விலங்கின் தனிச்சிறப்பே அதுதான். பொம்மை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்த படம் அப்படி இருந்திருக்கும்.

இனி, கொலைகாரன் என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவின் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், உலகெங்கும் சுறாக்கள் மனிதரைக் கடித்த நிகழ்வுகளை 1580-ஆம் ஆண்டு முதல் தொகுத்து ஒரு பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. மனிதர் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்தவை ஒரு வகை. தூண்டிலிலிருந்து கழற்றும்போதோ, ஈட்டியால் குத்தும்போதோ, வாலைப் பிடித்து இழுக்கும்போதோ கடிபட்டவை இன்னொரு வகை. முதல் வகையில், சுத்தித்தலைச் சுறாக் குடும்பத்தின் எல்லா இனங்களுக்கும் சேர்த்து, இருபதுக்கும் குறைவான நிகழ்வுகளே அந்தப் பதிவேட்டில் உள்ளன. அவற்றில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தைத் தழுவிய கணக்கு இது. அதே பதிவேட்டில் மனித உயிரிழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாகக் காட்டப்படுபவை பெரும் வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்றுந்தான். அந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டாலும், சீண்டாமல் நடக்கும் சுறாக்கடி உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக அறுபது எழுபதுதான். அதில் இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துக்கும் குறைவு.

எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு, கடித்தது எந்தச் சுறா என்று அடையாளம் தெரியாமல் போனது காரணமாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலங்கிய நீரில், வலியிலும் பதற்றத்திலும், கடித்த சுறா எந்த இனம் என்று சொல்வது எவருக்கும் கடினம். கடிகளில் கணிசமானவை இனம் தெரியாதவை என்றே பதிவாகின்றன. ஆனால் உலகில் வேறெந்த மீனுக்கும் இல்லாத அந்தத் தலையை, ஒருமுறை கண்டவர் வேறொன்றாக எண்ண வழியில்லை. மற்றச் சுறாக்களின் கணக்கில் குழப்பம் இருக்கலாம். இதன் கணக்கில் அது மிகக் குறைவாகத்தான் இருக்க முடியும். மனிதரும் இதுவும் சந்தித்துக்கொள்வதே இல்லை என்பதும் சரியல்ல. கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு, ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகள், கொலம்பியாவின் மால்பெலோ ஆகிய இடங்களுக்கு, நூற்றுக்கணக்கில் கூட்டமாக நீந்தும் சுத்தித்தலைச் சுறாக்களைக் காண்பதற்கென்றே முக்குளிப்பவர்கள் பணம் செலவழித்துப் போகிறார்கள். அங்கே அவர்களுக்குள்ள பெரிய கவலை, சுவாசக் கருவியிலிருந்து எழும் காற்றுக் குமிழிகளின் சத்தத்துக்கே கூட்டம் விலகிப் போய்விடுமே என்பதுதான். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பவர்களும் உண்டு. பஹாமாஸின் பிமினி தீவுக்கு அருகே, இக்குடும்பத்திலேயே மிகப் பெரிய இனத்தைப் பார்க்க, குளிர்காலந்தோறும் ஆட்கள் இறங்குகிறார்கள்.

இக்குடும்பத்தில் ஏறத்தாழ பத்து இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஓர் ஆளின் உயரத்தைத் தாண்டாதவை அல்லது சற்றே தாண்டுபவை. ஆட்களைக் கடிக்கும் அளவுக்கு வளர்பவை என்று சொல்லத்தக்கவை மூன்று. அவற்றிலும் பெரிய சுத்தித்தலைச் சுறா என்ற ஒன்றுதான் அரிதாக ஆறு மீட்டர் வரை போகும். நம் இந்தியக் கடலில் வலையில் அதிகம் அகப்படுவது அதைவிடச் சிறிய, தலையின் முன்விளிம்பு அலை அலையாக வளைந்த இனம். கடலோர மீனவர்கள் கொம்பன் சுறா என்பார்கள். இறக்கை போல விரிந்த தலையோடு இன்னொரு இனமும் நம் பக்கத்தில் உண்டு. அதன் தலையின் அகலம் உடல் நீளத்தில் ஏறத்தாழ பாதி இருக்கும். முழு உடம்பும் இரண்டு மீட்டரை எட்டாது. உங்கள் கூடாரத்தில் அதன் படத்தை மாட்டி வைத்தால், கொலைகாரப் பலகையைவிட அதிக நேரம் மக்கள் அங்கே நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

அந்தத் தலை எதற்கு என்பதுதான் நீங்கள் உண்மையில் விளக்க வேண்டிய செய்தி. ஆளை முட்டித் தள்ளுவதற்கோ படகை உடைப்பதற்கோ அது வாய்க்கவில்லை. தலையின் அடிப்பரப்பு முழுவதும் ஊசிமுனை அளவில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கூழ் போன்ற பொருள் நிரம்பிய சிறு குழாய்கள் உள்ளன. உயிருள்ள எந்த உடம்பிலிருந்தும் வெளிப்படும் மிக மெல்லிய மின்புலத்தை அவை உணர்ந்துகொள்ளும். எல்லாச் சுறாக்களுக்கும் இந்த உறுப்பு உண்டு என்றாலும், இதற்குத் தலை அகலமாக இருப்பதால், ஒரே வீச்சில் அதிகப் பரப்பைத் தடவிப் பார்க்க முடிகிறது. கடலடி மணலில் புதைந்து, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும் திருக்கையை அது கண்டுபிடிப்பது இப்படித்தான். கண்டுபிடித்த பின், பெரிய சுத்தித்தலைச் சுறா தன் தலையாலேயே திருக்கையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் இறக்கைகளைக் கடித்து நகர முடியாமல் செய்துவிடும். பஹாமாஸ் கடலில் ஆராய்ச்சியாளர்கள் இதை நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். திருக்கையின் நச்சு முள் அதன் வாயிலும் தாடையிலும் குத்தி நின்றுபோவதும் சாதாரணம்; அதைப் பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை. நம் கடற்கரையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நடக்கும் மீனவரின் காலைப் பதம் பார்ப்பது இந்தத் திருக்கை முள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சுறாவின் விருப்ப உணவு எது என்பதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

கண்கள் இரு முனைகளில் தள்ளி இருப்பதால், முன்னால் உள்ளதைச் சரியாகப் பார்க்க முடியாது என்று முன்பு பலர் எண்ணியிருந்தார்கள். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு கண்களின் பார்வையும் முன்புறத்தில் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதையும், அதனால் தொலைவை நன்றாகக் கணிக்க முடிவதையும் காட்டியது. தலையைச் சற்றே ஆட்டினால் பின்புறத்தையும் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு கூர்மையான புலன்கள் கொண்ட ஒரு விலங்கு மனிதனை உணவு என்று எண்ணியிருந்தால், அந்தப் பதிவேட்டின் கணக்கு இப்படி இருந்திருக்காது.

அப்படியானால் அது பூனைக்குட்டியா என்றால், அதுவும் அல்ல. நான்கு மீட்டர் நீளமுள்ள, விளிம்பில் ரம்பம் போல் பற்கள் கொண்ட ஒரு வேட்டை விலங்கின் அருகில், ஈட்டியில் குத்திய மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துவது முட்டாள்தனம். தூண்டிலில் மாட்டிப் படகுக்கு இழுக்கப்பட்ட கொம்பன் சுறா கையைக் கடிக்கும், கடிக்கத்தான் செய்யும். எங்கள் மலையில் இதைப் புரிந்துகொள்வது எளிது. காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாடுகிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி, அது கடந்துபோகும் வரை நின்று, பிறகு தங்கள் வழியில் போகிறார்கள். அதனிடம் செல்பி எடுக்கப் போன சுற்றுலாப் பயணிக்குத்தான் வம்பு. அதற்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் "கொலைகாரக் காட்டெருமை" என்று எவரும் பலகை நடுவதில்லை. விலகி நில்லுங்கள் என்றுதான் எழுதுகிறார்கள். அதே அளவு நிதானத்தைக் கடல் விலங்குக்கும் காட்டலாம் என்பதே என் கோரிக்கை.

தவறான பலகையால் யாருக்கு என்ன நஷ்டம், வேடிக்கைதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நஷ்டம் இருக்கிறது. உங்கள் கூடாரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சிறுவன், மேட்டூர் அணையில் இது இருக்குமா, அப்பாவோடு குளிக்கப் போகலாமா என்று கேட்டான். சுத்தித்தலைச் சுறா கடல்நீரில் வாழ்வது, காவிரியில் வராது, அணையில் இருப்பது கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் வாளையும்தான் என்று சொன்னேன். அணைத் தண்ணீரின் ஆழமும், மதகு திறந்தால் வரும் இழுப்பும் அவன் பயப்பட வேண்டியவை. அதைப் பற்றி அவனுக்கு எவரும் பலகை எழுதி வைக்கவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து ராமேசுவரத்துக்கும் புதுச்சேரிக்கும் கல்விச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு, கரையிலிருந்து உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டம் எப்படி இருக்கும், அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. சுறா பயத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

சுறாவால் சேலத்து மனிதருக்கு ஆபத்து வரக்கூடிய வழி ஒன்று உண்டுதான். ஆனால் அது சுறாவின் வாய் வழியாக அன்று, நம் வாய் வழியாக. கடல் மீன் லாரியில் ஐஸ் போட்டு வரும் ஊர் இது. சுறாவும் மனிதரும் இங்கே நேருக்கு நேர் சந்திப்பது மீன் மார்க்கெட்டிலும் கருவாட்டுக் கடையிலும்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதற்குப் பொதுவாக வாங்குவது சிறிய பால் சுறாவை. சிக்கல் பெரிய சுறாவில்தான் இருக்கிறது. கடலில் கலந்த பாதரசம் சிறு மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கும், அதிலிருந்து அதைத் தின்னும் சுறாவுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. பல ஆண்டு வாழ்ந்த பெரிய சுறாவின் இறைச்சியில் அது மிகுதியாகச் சேர்ந்துவிடும். சமைப்பதால் அது போவதில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் அது பாதிக்கும் என்பதால், கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. பெரிய கொம்பன் சுறாவின் துண்டத்தைப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதி வைத்தால், கூடாரத்துக்குள் வரும் பெண்களில் பலருக்கு அது பயன்படும். அந்தப் பலகையில் நேர்மையாகச் சொல்லக்கூடிய எச்சரிக்கை அது ஒன்றுதான்.

அந்த விலங்குக்கு நம்மால் நேர்ந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய சுத்தித்தலைச் சுறாவையும், நம் கடலில் அகப்படும் கொம்பன் சுறாவையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-இல் அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. அவற்றின் துடுப்புக்கு வெளிநாட்டில் சூப்புக்காக அதிக விலை கிடைத்ததும், வலையிலோ தூண்டிலிலோ சிக்கினால் மற்றச் சுறாக்களைவிட விரைவில் இறந்துபோகும் அவற்றின் இயல்பும் இதற்குக் காரணங்கள். சிக்கியதைத் திரும்பக் கடலில் விட்டாலும் பல பிழைப்பதில்லை. பெரிய இனம் ஏறக்குறைய பதினொரு மாதம் சுமந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும் என்பதால், இழந்ததை ஈடுகட்ட வெகுகாலம் பிடிக்கும். உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2013-இல் பாங்காக்கில் இவற்றில் மூன்று இனங்களும், 2022-இல் பனாமாவில் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டன. எல்லாச் சுறாக்களின் துடுப்பு ஏற்றுமதியையும் இந்திய அரசு 2015 பிப்ரவரியில் தடை செய்தது. இத்தனை ஏற்பாடுகள் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, மறுபுறம் அதைக் கொலைகாரன் என்று ஒலிபெருக்கியில் கூவி டிக்கெட் விற்பது பொருத்தமாக இல்லை.

கூட்டம் குறைந்துவிடும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. வாடகையும் மின்கட்டணமும் ஆட்கூலியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் பயமுறுத்தாமலே வாய்பிளக்க வைக்கும் செய்திகள் இந்தக் குடும்பத்தில் நிறைய உண்டு. மண்வெட்டி போன்ற தலை கொண்ட சிறிய இனம் ஒன்று, 2001-இல் அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில் ஆண் துணையே இல்லாமல் குட்டி ஈன்றது. மரபணுச் சோதனையில் அந்தக் குட்டிக்குத் தந்தை இல்லை என்று 2007-இல் உறுதியானது. அதே இனம் கடற்புல்லையும் தின்று செரிக்கிறது என்று 2018-இல் தெரியவந்தது. புல் தின்னும் சுறா என்று எழுதிப் போடுங்கள், வாசலில் கூட்டம் நிற்காவிட்டால் என்னைக் கேளுங்கள். அலைவிளிம்புத் தலை கொண்ட இனம் இரவில் 800 மீட்டருக்கும் கீழே, குளிர்ந்த ஆழத்துக்கு இரை தேடிப் போகும்போது, உடம்புச் சூடு போய்விடாமல் இருக்கச் செவுள்களை மூடிக்கொண்டு மூச்சை அடக்குகிறது என்பதை ஹவாயில் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். மீன் மூச்சடக்குகிறது என்றால் எந்தப் பிள்ளைதான் நின்று கேட்காது?

ஆகவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பலகையில் கொலைகாரன் என்பதை அழித்துவிட்டு, "சுத்தித்தலைச் சுறா: திருக்கையை வேட்டையாடும் கடல் விலங்கு. சீண்டாத மனிதரை இது கொன்றதாக ஒரு பதிவும் இல்லை. அழிவின் விளிம்பில் உள்ளது" என்று எழுதுங்கள். பொம்மையின் முன்விளிம்பில் உள்ள வாயைப் பட்டி பார்த்து மூடி, அடிப்புறத்தில் சிறிதாக ஒன்று வையுங்கள். கண்களை இரு முனைகளுக்கும் நகர்த்துங்கள். ஒலிபெருக்கியில் பேசும் தம்பியிடம் மூச்சடக்கும் சுறாவைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் குரலுக்கு அது நன்றாக எடுபடும். வெளியேறும் வழியில், கடலுக்கும் அணைக்கும் போகிறவர்களுக்கான நீர்ப் பாதுகாப்புக் குறிப்புகளை ஒரு தட்டியில் வையுங்கள். வாசகங்களை எழுதித் தரவும், பொம்மையைத் திருத்தும் நாளில் அடிவாரத்துக்கு இறங்கி வந்து உடனிருக்கவும் நான் தயாராக இருக்கிறேன். அதற்கு எனக்குப் பணம் எதுவும் வேண்டாம். ஆடி மாதக் கூடாரங்களுக்குக் கால்கோள் நடும் முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.